டியூப் ஒரு வருஷம், பெட்டி ஒரு வருஷம்

ஒரே ஒரு ஊர் இருந்ததாம். அந்த ஊருக்கு ஒரே ஒரு கலர் டிவி இருந்ததாம்.

சிரிக்காதீர்கள் அக்கா. எங்கள் வீட்டில் கதை என்றால் இப்படித்தான் ஆரம்பிப்பார்கள், எனக்கு வேறு மாதிரி சொல்ல வராது. நடுநடுவே நீங்கள் 'ம்' கொட்ட வேண்டும். கொட்டாவிட்டால் கதை நின்றுவிடும். அதுவும் எங்கள் வீட்டுப் பழக்கம்தான். அந்த ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காருங்கள். இந்தச் சந்துக்குள் ஆட்டோ வராது என்று தெரிந்தும் பெட்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தாரே, அந்த டிரைவர் அண்ணன் ஒரு டீ குடித்துவிட்டு வரட்டும். பின்மூடித் திருகெல்லாம் துருப்பிடித்துக் கிடக்கிறது. எண்ணெய் விட்டிருக்கிறேன். ஊறுகிற வரைக்கும் பேசிக்கொண்டிருக்கலாம்.

வந்ததிலிருந்து என் கழுத்தைப் பார்க்கிறீர்கள். கேட்கக் கூச்சம். பரவாயில்லை, எல்லாரும் பார்ப்பார்கள். காதுக்குக் கீழே ஆரம்பித்து இதோ, இங்கே வரைக்கும். கத்தி இல்லை அக்கா, கண்ணாடி. பிக்சர் டியூப் கண்ணாடி.

ஒன்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் சத்தம் போட்டுப் பேசுகிற ஆள் இல்லை. யாரையும் கை நீட்டி அடித்ததில்லை. இந்தக் காரைக்குடியில் பழைய சாமான் விற்கிற தெரு முழுக்கக் கேட்டுப் பாருங்கள், 'டிவிக்கார இருதயமா, அவன் வாயில விரலை வச்சாலும் கடிக்கத் தெரியாது'ம்பார்கள். என் வேலை வருஷம் சொல்வது. அவ்வளவுதான். பழைய கலர் டிவி சேர்க்கிறவர்கள் இருக்கிறார்களே, கோயமுத்தூரில், சென்னையில், அவர்களுக்குப் பெட்டியின் வருஷம் சரியாகத் தெரிய வேண்டும். வெளியிலிருந்து பார்த்தால் பாதி தெரியும். சேனலுக்குக் குமிழைத் திருக வேண்டுமா, பட்டனை அமுக்க வேண்டுமா, திரையை மூட மரக்கதவு இருக்கிறதா, அதெல்லாம். மீதியை உள்ளே பார்க்க வேண்டும். பின்மூடியைக் கழற்றினால் டியூப்பின் முதுகில் ஒரு சீட்டு ஒட்டியிருக்கும். அதில் வருஷம், மாதம் எல்லாம் உண்டு. மனிதர்கள்தான் மாற்றிச் சொல்வார்கள். 'எங்கப்பா எண்பத்திரண்டுலயே வாங்கிட்டாரு, தெருவுக்கே எங்க வீட்டுலதான் டிவி' என்பார்கள். திறந்தால் தொண்ணூறு. அப்போது அவர்கள் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

உங்கள் பெட்டியும் அப்படித்தான். நீங்கள் பிறந்த எண்பத்தெட்டில் அப்பா துபாயிலிருந்து இதைத் தூக்கிக்கொண்டு வந்தார், உங்களைக் கையில் வாங்கிப் பார்த்தார், போனார், அப்புறம் வரவே இல்லை. அம்மா அப்படிச் சொல்லியிருக்கிறார்கள். அவர் வந்ததற்கு இந்தப் பெட்டியை விட்டால் வேறு சாட்சி இல்லை. வாங்க வருகிறவர் வருஷம் கேட்டதால் கொண்டுவந்தீர்கள். சரி. பார்த்துவிடுவோம். நீங்கள் 'ம்' கொட்டுங்கள்.

ஊர்ப் பெயர் வேண்டாம். தொண்டிக்குத் தெற்கே கடலோரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நம் ஊர் டிவி அங்கே எட்டாத காலத்தில் இலங்கை டிவி கண்ணாடி மாதிரி எடுக்கும். உயரமான இரும்புக் குழாயில் ஆண்டெனா கட்டிக் கடல் பக்கம் திருப்பி வைத்தால் போதும். அந்த ஊரில் வில்லாயுதம் என்று ஒருவர். சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வேலை பார்த்துவிட்டு ஒரு கலர் டிவியோடு திரும்பி வந்தார். எந்த வருஷம் வந்தார் என்பதுதான் கதையே.

எண்பத்து நான்கு பங்குனியில், ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், சாத்தையா என்கிற வள்ளக்காரரை வெட்டிவிட்டார்கள். மணலில் உட்கார்ந்து கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தவரை வலையோடு சேர்த்து வெட்டியிருந்தார்கள். நரம்பும் நைலானும் ஒன்றாகச் சுற்றிக்கிடந்ததாம். வலையை அறுத்துத்தான் உடம்பை எடுக்க முடிந்தது என்று சொன்னார்கள். அதற்கு முந்தின வாரம்தான் மீன் ஏலத்தில் வில்லாயுதத்துக்கும் சாத்தையாவுக்கும் தகராறு. 'உன்னைத் திருக்கையை அறுக்குற மாதிரி அறுப்பேன்டா' என்று வில்லாயுதம் ஊர் கேட்கக் கத்தியிருக்கிறார். போலீஸ் அவரைத்தான் கொண்டுபோனது.

கோர்ட்டில் அவர் பங்காளிகள் அத்தனை பேரும் ஒரே சொல்லாகச் சொன்னார்கள். அந்த நேரம் வில்லாயுதம் வீட்டில் கலர் டிவி ஓடியது, இலங்கைக்காரன் தமிழ்ப் படம் போட்டான், தெருவே உட்கார்ந்து பார்த்தது, வில்லாயுதம் ஆண்டெனாக் குழாயைப் பிடித்துத் திருப்பிக்கொண்டே நின்றார், இடத்தை விட்டு நகரவில்லை. விடுதலை ஆகிவிட்டது.

ஊருக்கு அது போதவில்லை. கோர்ட் வேறு, கோயில் வேறு. வில்லாயுதம் காளி கோயில் வாசலில் எரிகிற சூடத்தை உள்ளங்கையில் வாங்கி, 'நான் டிவிப் பொட்டிக்கு முன்னாலதான் நின்னேன், இது சத்தியம்' என்று சொல்லி, அது எரிந்து அடங்குகிற வரைக்கும் கையை மூடாமல் நின்றார். தோல் கருகுகிற வாடை வந்ததாம். ஊர் ஒத்துக்கொண்டது.

ஒரே ஒருத்தி ஒத்துக்கொள்ளவில்லை. சாத்தையா பெண்டாட்டி. இடுப்பில் கைக்குழந்தையோடு அந்தக் கோயில் வாசலிலேயே கத்தினாளாம். "அன்னைக்கு அந்த வீட்டுல டிவியே கெடையாதுடா! எம் புருசன் கருமாதி முடிஞ்சதுக்கப்புறம் எறக்குன பொட்டிடா அது! பாவிகளா, கண்ணை முழிச்சுக்கிட்டுப் புளுகுறீகளே!" துக்கத்தில் புத்தி பேதலித்துவிட்டது என்று சொல்லிவிட்டார்கள். சாகிற வரைக்கும் அதையேதான் சொன்னாளாம். சந்தைக்குப் போனாலும் சொல்வாள், தண்ணீர் எடுக்கப் போனாலும் சொல்வாள். சின்னப் பையன்கள் கல்லெறிவார்கள்.

கொட்டுங்கள் அக்கா, 'ம்'.

அந்தக் கைக்குழந்தைதான் கோட்டைச்சாமி. வளர்ந்து பெரிய ஆளாகி, யாருடன் தொழில் செய்தான் என்று நினைக்கிறீர்கள்? வில்லாயுதத்தின் மகன் பூமிநாதனோடு. இரண்டு பேரும் ஒரே வள்ளம், ஒரே வலை. ஆத்தா சொன்னதை ஒரு காதில் கேட்டு, ஊர் சொன்னதை இன்னொரு காதில் கேட்டு, கடைசியில் சூடத்தை நம்பிவிட்டான். நல்ல மனுஷன்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் நான் அங்கே போனேன். கோயமுத்தூரிலிருந்து ராஜரத்தினம் என்று ஒரு சார், கலர் டிவி சேர்க்கிறவர், கூட்டிக்கொண்டு போனார். பூமிநாதன் பெட்டியைக் கொடுத்துவிடுகிறேன் என்று சொல்லியிருந்தார். பரணிலிருந்து அவரும் கோட்டைச்சாமியும்தான் இறக்கினார்கள். முற்றத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் பெரியவர் வில்லாயுதம்.

"பாத்துத் தூக்குங்கடா அப்பு," என்றார். "எம் உசிரைக் காப்பாத்துன சாமிடா அது."

"சாமின்னா நீங்களே தோள்ல சொமக்கணும் பெரியப்பு, எங்களை ஏன் சொமக்க விடுறீக?" என்றான் கோட்டைச்சாமி. எல்லாரும் சிரித்தோம்.

எங்களுக்கு இளநீர் வெட்டியதும் அவன்தான். ஒரே சீவு, மூடி பறந்துவிடும். "தம்பிக்குத் தண்ணியா வேணுமா, வழுக்கையா வேணுமா?" என்று என்னைக் கேட்டான். சார் கொஞ்சம் தள்ளி நின்றதைப் பார்த்துப் பூமிநாதன் சொன்னார்: "அவன் கையில அருவாளைப் பாத்துப் பயந்துராதீங்க சார். வீட்டுல கோழி அடிக்கணும்னா என்னையத்தான் கூப்புடுவான்."

நான் பின்மூடியைக் கழற்றினேன். உள்ளே இருட்டு, ஒட்டடை. கோட்டைச்சாமிதான் தன் செல்போன் விளக்கை அடித்து, எனக்குப் பக்கத்தில் குனிந்து நின்றான். அவன் மூச்சு என் காதில் படுகிறது. டியூப்பின் முதுகைத் துடைத்தேன். சீட்டு பளிச்சென்று இருந்தது.

"எண்பத்தாறு, பிப்ரவரி," என்றேன்.

சார் முகம் விழுந்தது. "எண்பத்து மூணுன்னு சொன்னாங்களே."

விளக்கு ஆடியது அக்கா. நான் 'நேராப் பிடிங்கண்ணே'ன்னேன். அவன் பிடிக்கவில்லை. "தம்பி, சரியாப் பாத்தீகளா?" என்றான்.

"சரியாத்தாண்ணே பார்த்தேன். எண்பத்தாறுக்கு முன்னாடி இது உலகத்துலயே கிடையாது."

மெதுவாகத்தான் சொன்னேன். ஆனால் முற்றத்தில் எல்லாருக்கும் கேட்டது.

நாற்காலியிலிருந்து பெரியவர் சொன்னார்: "டியூப்பு மாத்துனதுப்பா. இடி விழுந்து போச்சு. மதுரையிலேருந்து ஆளு வந்து வேற டியூப்பு போட்டான். பொட்டி பழசுதான்."

நான் சிரித்துவிட்டேன். கிண்டலாக இல்லை, சும்மா. "தாத்தா, நான் போற வீட்டுல எல்லாம் இதையேதான் சொல்றாங்க." சாரும் சிரித்தார்.

இதில் ஒரு விஷயம் இருக்கிறது அக்கா, உங்களுக்குத் தெரிந்திருக்கட்டும். டியூப் மாற்றியிருக்கிறார்களா இல்லையா என்று கண்டுபிடித்துவிடலாம். கீழே சேஸிஸ் என்று ஒரு தட்டு இருக்கும், எல்லாப் பாகமும் அதில்தான் பற்றவைத்திருக்கும். அதை வெளியே இழுத்தால் சின்னச் சின்ன கெப்பாசிட்டரில்கூட வருஷமும் வாரமும் அச்சடித்திருப்பார்கள். அதுவும் டியூப்பும் ஒத்துப்போனால் மாற்றவில்லை. ஒத்துப்போகாவிட்டால் மாற்றியிருக்கிறார்கள். ஐந்து நிமிஷ வேலை. வெயிலில் இளநீர் சூடாகிக்கொண்டிருந்தது, குடிக்கலாம் என்று எழுந்துவிட்டேன். யாரும் பார்க்கச் சொல்லவும் இல்லை.

கோட்டைச்சாமி விளக்கை அணைத்துச் சட்டைப் பையில் போட்டான். பெரியவர் முன்னால் போய் நின்றான்.

"பெரியப்பு, கையைக் காட்டுங்க."

"எதுக்குடா?"

"சூடம் வாங்குன கையி."

பெரியவர் வலது கையை விரித்துக் காட்டினார். நடுவில் தழும்பு, காசு மாதிரி வட்டமாக. கோட்டைச்சாமி அதைப் பார்த்துக்கொண்டே இருந்தான். இளநீர்க் குலைக்குப் பக்கத்தில் அரிவாள் கிடந்தது. முதல் வெட்டு அந்தக் கையில்தான் விழுந்தது. உள்ளங்கை பாதி தொங்கியது. பெரியவர் கத்தவில்லை, கையைத் தூக்கித் தானே பார்த்தார். அவருக்கே புரியவில்லை. அடுத்தது தோளில். "மாப்ள! டேய், மாப்ள!" என்று பூமிநாதன் குறுக்கே விழுந்து வெட்டைக் கையால் பிடித்தார். விரல்கள் கீழே விழுந்தன. விழுந்த சத்தம்கூட எனக்குக் கேட்டது, சிமெண்டுத் தரை. அவரைக் காலால் தள்ளிவிட்டுக் கோட்டைச்சாமி கழுத்தில் வெட்டினான். இளநீர் சீவினானே, அதே மாதிரி சாய்த்து. நாற்காலி பின்னால் மடிந்து பெரியவர் மல்லாக்க விழுந்தார். அதற்குப் பிறகும் வெட்டினான். "எங்காத்தாளைப் பைத்தியமாக்குனீகளேடா, கல்லால அடிச்சீகளேடா" என்று ஒவ்வொரு வெட்டுக்கும் சொல்லிக்கொண்டே.

ராஜரத்தினம் சார் ஓடியே போய்விட்டார். கையில் இளநீரோடு ஓடினார். கார் கிளம்புகிற சத்தம் கேட்டது. என்னை விட்டுவிட்டுப் போய்விட்டாரே என்பதுதான் எனக்கு அப்போது வருத்தமாக இருந்தது.

கோட்டைச்சாமி அரிவாளைப் போட்டுவிட்டு, சுவரோரம் கிடந்த அம்மிக் குழவியைத் தூக்கினான். "இந்தப் பொட்டிதானடா சாட்சி!" நான், "அண்ணே, பின்பக்கம் அடிக்காதீங்க, டியூப்புக் கழுத்துல கண்ணாடி மெலிசு"ன்னு சொன்னேன். அக்கறையில்தான் சொன்னேன். அவன் பின்பக்கம்தான் போட்டான். டியூப்புக்குள் காற்றே கிடையாது அக்கா. உடைந்தால் முதலில் உள்ளே இழுக்கும், அப்புறம் சிதறும். பட்டாசுக் கிடங்கு மாதிரி ஒரு சத்தம். கழுத்தில் ஏதோ சுட்டது. தொட்டால் சூடாகக் கொட்டுகிறது. அப்படியே உட்கார்ந்து சாய்ந்துவிட்டேன்.

சாய்ந்த இடத்தில், என் கண்ணுக்கு நேரே, சேஸிஸ் வெளியே வந்து விழுந்து கிடந்தது.

கழுத்தைப் பொத்திக்கொண்டே படித்தேன். எண்பத்து மூன்று, பன்னிரண்டாவது வாரம். பக்கத்தில் இன்னொன்று, அதே. சேனல் பிடிக்கிற டியூனர் மூடியில் ரப்பர் முத்திரை, எண்பத்து மூன்று ஏப்ரல். எல்லாம் ஒத்துப்போகிறது. அப்படியானால் பெட்டி எண்பத்து மூன்று, டியூப்தான் அப்புறம் போட்டது. பெரியவர் சொன்னது அப்படியே சரி. எனக்கு அந்த வலியிலும் ஒரு சந்தோஷம் பாருங்கள். இவ்வளவு சுத்தமாக ஒத்துப்போகிற பெட்டி கிடைப்பது அபூர்வம்.

சொன்னேனா என்றா கேட்கிறீர்கள்? எப்படிச் சொல்வது, கழுத்தைப் பிடித்துக்கொண்டல்லவா கிடக்கிறேன். கோட்டைச்சாமி மீதி இளநீரை எடுத்து முகம் கழுவினான். துண்டில் கையைச் சுற்றிக்கொண்டு சுவரில் சாய்ந்து கிடந்த பூமிநாதனிடம் போய் உட்கார்ந்து, "எங்காத்தா பொய் சொல்லலடா மாப்ள," என்றான். அழுதான். பூமிநாதன் அவனைப் பார்க்கவே இல்லை, கீழே கிடந்த விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த நேரத்தில் நடுவில் போய்ப் பேசுவது மரியாதை இல்லை. போலீஸும் யார் முதலில் வெட்டியது என்றுதான் கேட்டார்கள். டிவியைப் பற்றிக் கேட்கவில்லை.

அதோடு நிற்கவில்லை. பூமிநாதனின் பங்காளிகள் அந்த வள்ளத்தை மணலிலேயே வைத்துக் கொளுத்தினார்கள். பாதி வள்ளம் பூமிநாதனுடையது என்பதுகூட அவர்களுக்கு ஞாபகம் இல்லை. கோட்டைச்சாமியின் சித்தப்பா மகனை மீன் ஏலத்தில் வைத்துக் காலை வெட்டினார்கள். கோட்டைச்சாமியின் ஆட்கள் பூமிநாதன் பங்காளிகள் இரண்டு பேர் வீட்டுக் கூரையில் தீ வைத்தார்கள். ஒரு மாடு வெந்து போனது. மோசமான ஆட்கள் அக்கா அந்த ஊர்க்காரர்கள். ஒரு வார்த்தையைத் தாங்க மாட்டார்கள்.

ம்?

கதை முடியவில்லை. முடியப்போகிறது. திருகு இரண்டு கழன்றுவிட்டது பாருங்கள்.

கோட்டைச்சாமியின் சம்சாரம் பஞ்சவர்ணம் ஒரு நாள் என்னைத் தேடி இங்கே வந்தது. நீங்கள் உட்கார்ந்திருக்கிற ஸ்டூலில்தான் உட்கார்ந்தது. பஸ்ஸில் நின்றே வந்திருக்கும் போல, கால் வீங்கியிருந்தது.

"தம்பி, கோவிச்சுக்கிறாதீங்க," என்றது. "ஜெயில்ல அவுக தூங்குறதே இல்ல. மனுப் போட்டுப் பாக்கப் போனா இதையேதான் கேக்குறாக. 'அந்தத் தம்பியப் பாத்தியா, பொட்டி எண்பத்தாறுதானான்னு உறுதியாக் கேட்டியா'ன்னு. பெரியவர் கையை விரிச்சுக் காட்டுனது கண்ணுக்குள்ளயே நிக்கிதாம். ஆமான்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. போயிர்றேன்."

நான் உள்ளே போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். குடிக்கட்டும் என்று இருந்தேன். அப்புறம் சொன்னேன்: "டியூப் எண்பத்தாறுக்கா. பெட்டி எண்பத்து மூணு."

"அப்படின்னா?"

அதற்குப் புரியவில்லை. ஒரு பழைய பெட்டியைத் திறந்து வைத்து, இது டியூப், இது சேஸிஸ், இது தனி, அது தனி, இதை மட்டும் கழற்றி வேறு போடலாம், என்று பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தேன். சின்னப் பிள்ளைக்குச் சொல்வது மாதிரி. "அப்படின்னா பெரியவர் சொன்னது நிஜம்க்கா. டியூப் மாத்துனதுதான். கொலை நடந்தன்னைக்கு அந்தப் பெட்டி அங்க இருந்திருக்கும்."

அது வாயைச் சேலையால் பொத்திக்கொண்டது. "இதை அன்னைக்கே சொல்லக் கூடாதா தம்பி?"

"அன்னைக்கு டியூப்பைத்தானேக்கா பார்த்தேன்."

எழுந்து போய்விட்டது. பையை மறந்துவிட்டுப் போய்விட்டது. நான்தான் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் ஓடிப்போய்ப் பையைக் கொடுத்துவிட்டு வந்தேன். பஞ்சவர்ணமாவது புருஷனிடம் சொல்லாமல் இருந்திருக்கலாம். ஆனால் புருஷன் பெண்டாட்டிக்குள் மறைக்கக் கூடாது என்று நினைத்திருக்கும். அடுத்த தடவை ஜெயிலுக்குப் போனபோது கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று சொல்லியிருக்கிறது. கோட்டைச்சாமி உள்ளே போய், சுவரில் தலையை மோத ஆரம்பித்திருக்கிறான். பிடிக்கப் போனவர்களையும் உதறிவிட்டு மோதியிருக்கிறான். நாலு பேர் சேர்ந்தும் இழுக்க முடியவில்லையாம். சுவரில் இருந்த ரத்தத்தைச் சுண்ணாம்பு அடித்துத்தான் மறைத்தார்கள் என்று பேப்பர் போடுகிற பையன் சொன்னான்.

எண்பத்தாறு என்றேன், ஒருத்தர் போனார். எண்பத்து மூன்று என்றேன், இன்னொருத்தர் போனார். இரண்டும் சரியான வருஷம்தான் அக்கா. நன்றாக யோசித்துப் பாருங்கள், இரண்டில் எதுவாவது தப்பா? இதைத்தான் ஜனங்கள் புரிந்துகொள்ள மாட்டேன் என்கிறார்கள். அந்தப் பக்கத்து ஆட்கள் இன்னும் இந்தக் கடையைத் தாண்டிப் போகும்போது துப்பிவிட்டுப் போகிறார்கள். நான் கண்டுகொள்வதில்லை. ஒரு நன்மை நடந்தது. அன்றிலிருந்து டியூப், சேஸிஸ் இரண்டையும் பார்க்காமல் வாயைத் திறப்பதில்லை. இப்போது என்னைப் போல வருஷம் சொல்ல இந்த ஜில்லாவிலேயே ஆள் கிடையாது.

இதோ, கடைசித் திருகும் வந்துவிட்டது. மூடியை எடுத்துவிடலாம்.

ஏன் அக்கா கையை வைக்கிறீர்கள்?

பயப்படாதீர்கள், கரண்டு இல்லை. மூடியை விடுங்கள், ஒரு நிமிஷம்தான். டியூப்பையும் பார்ப்பேன், சேஸிஸையும் பார்ப்பேன். உங்கள் அப்பா வந்தாரா இல்லையா என்று தெரிந்துவிடும். அதற்குத்தானே இவ்வளவு தூரம் வந்தீர்கள்?

விற்கவில்லையா? ஏன், திடீரென்று? டிரைவர் அண்ணனை ஏன் கூப்பிடுகிறீர்கள், அவர் இன்னும் டீ குடித்து முடிக்கவில்லை.

சரி. வேண்டாம் என்றால் வேண்டாம். நான் யாரையும் வற்புறுத்துகிற ஆள் இல்லை. அண்ணே, பார்த்துத் தூக்குங்கள், மூடி பூட்டவில்லை, கழன்று விழும். அக்கா, நீங்கள் பின்னாலேயே மூடியைப் பிடித்துக்கொண்டு நடங்கள். திருகெல்லாம் இங்கே கிடக்கிறது. வாங்கிக்கொள்ளுங்கள். வேண்டாமா?

அக்கா, ஒன்று சொல்கிறேன். நீங்கள் கதை கேட்டுக்கொண்டிருந்தபோதே, மூடி கொஞ்சம் நகர்ந்ததில் சீட்டைப் பார்த்துவிட்டேன். சேஸிஸ் ஓரமும் தெரிந்தது. இரண்டும் ஒத்துப்போகிறது. கேட்காமல் சொல்கிற பழக்கம் எனக்கு இல்லை. 'ம்' என்று ஒரு சொல் சொல்லுங்கள், இங்கே நின்றபடியே சொல்லிவிடுகிறேன்.

அக்கா?

சந்தில் கல் பெயர்ந்து கிடக்கும், பார்த்து. டிரைவர் அண்ணன் முனை திரும்பிவிட்டார். நீங்களாவது நின்று கேட்டுவிட்டுப் போங்கள். மெதுவாகத்தான் சொல்வேன், பக்கத்துக் கடைக்குக்கூடக் கேட்காது. ஒரே ஒரு 'ம்' அக்கா. ஒரே ஒரு...

திரும்பிக்கூடப் பார்க்காமல் போகிறீர்களே.